உறுதிப்பூசுதல் தியானத்துக்கு வெளிக்குழுவை அழைக்கிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

மறைக்கல்வி ஆசிரியர்கள், பங்குப் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் வட்டம்) பேரவையில் இருப்பவர்கள், இந்த ஆண்டு உறுதிப்பூசுதலுக்கு (தூய ஆவியாரைப் பெறும் கத்தோலிக்க அருட்சாதனம்) பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் எல்லாரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் பங்குப் பிள்ளைகளுக்கு இரவு தங்கி நடக்கும் தியானம் ஒன்றை வெளிக்குழுவிடம் ஒப்படைத்தோம். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைகள் இரகசியம் என்று நம்பி எழுதிக் கொடுத்ததை எடுத்து மைக்கில் வாசித்தார்கள். அழுத பிள்ளைகளைப் படம் பிடித்து விளம்பரம் போட்டார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் குழுவின் பெயரை எழுதவில்லை. இந்தப் பாணியில் நடத்துகிறவர்கள் ஒரே ஒரு குழுவும் இல்லை, அதனால் பெயரைவிட அடையாளம் தெரிந்திருப்பதுதான் உங்களுக்கு உதவும்.

குழுத் தலைவர் போனில் தேனொழுகப் பேசினார். "சிஸ்டர், நீங்க பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டா போதும், மீதியை ஆண்டவர் பார்த்துக்குவார்" என்றார். அனுப்பிய தாளில் எல்லாம் இருந்தது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி, பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பொறுப்பாளர்கள், தூய ஆவியாரின் ஏழு கொடைகளைப் பற்றிச் சிறு குழுக்களில் கலந்துரையாடல், பாவசங்கீர்த்தனத்துக்கு நான்கு குருக்கள், கடைசியில் ஞானப்பெற்றோரோடு ஓர் அமர்வு. பாதிக்கு மேல் முன்பணம் கேட்டார்கள். ரசீது கேட்டதற்கு, "காணிக்கைக்கு யாராவது ரசீது கேட்பாங்களா சிஸ்டர்?" என்று ஒரு சிரிப்பு.

வந்து இறங்கியது ஒரு பேச்சாளர், ஒரு கீபோர்டு வாசிப்பவர், கல்லூரி படிக்கும் இரண்டு தம்பிகள். பெண் பொறுப்பாளர் என்று ஒருவர்கூட இல்லை. பெண்பிள்ளைகள் படுத்த கூடத்தில் எங்கள் ஆசிரியைகளே முறைவைத்து விழித்திருந்தார்கள். சிறு குழு நடக்கவே இல்லை. ஏழு கொடைகளும் திரையில் ஒரு படமாக வந்து போயின. ஞானப்பெற்றோர் அமர்வுக்கு வந்தவர்களிடம் புத்தகமும் குறுந்தகடும் விற்றார்கள். இதெல்லாம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். இரவு நடந்ததை விட முடியாது.

சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் தூங்கி விழும் நேரத்தில் "அபிஷேக இரவு" என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஜன்னல்களைத் துணி போட்டு மூடி, விளக்கை அணைத்து, நடுவில் ஒரே ஒரு மெழுகுதிரி. கீபோர்டில் அதே இரண்டு சுரங்கள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தன. பேச்சாளர் தாழ்ந்த குரலில், "கண்ணை மூடு. உன் அம்மா இறந்து கிடப்பதாக நினைத்துப் பார். கடைசியாக அவளிடம் என்ன பேசினாய்?" என்று ஆரம்பித்தார். ஒரு பிள்ளை விசும்பினால் பக்கத்துப் பிள்ளைக்குத் தொற்றும், அந்த வயது அப்படி. ஐந்தே நிமிடத்தில் கூடம் முழுக்க அழுகை. அதில் ஒரு பெண்பிள்ளைக்கு உண்மையிலேயே அம்மா இல்லை. பதிவுப் படிவத்தில் அதைக் குறிப்பிட்டுத்தான் அனுப்பியிருந்தோம். யாரும் படிவத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போன ஆசிரியையைப் பார்த்து, "ஆவியார் செயல்படும்போது தடுக்காதீங்க சிஸ்டர்" என்று மைக்கிலேயே சொன்னார்.

அடுத்து ஒவ்வொருவராக முன்னால் வரவழைத்துத் தலையில் கை வைத்தார். நான் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். உள்ளங்கை நெற்றியில், விரல்கள் உச்சியில், கடைசியில் மணிக்கட்டால் ஒரு சின்னத் தள்ளு. பின்னால் தம்பிகள் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றார்கள். விழுந்த பிள்ளைக்குக் கைதட்டல். ஒரு பையன் காலை அகட்டி ஊன்றி நின்றுகொண்டான். இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, "உனக்குள்ள ஏதோ தடை இருக்கு தம்பி, போய் உட்கார்ந்து யோசி" என்று கடைசி வரிசைக்கு அனுப்பினார். விழாத, அழாத பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த வரிசைதான்.

மறுநாள் அந்தப் பையன் என்னிடம் வந்து கேட்டான்: "டீச்சர், எனக்கு ஆவியார் வரலை. பிஷப் வர்ற அன்னிக்கு நான் வரணுமா, வேண்டாமா?"

கைகளை உயர்த்திச் செபிப்பதோ சத்தமாகப் பாடுவதோ எனக்குப் பிடிக்காத விஷயம் இல்லை. அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) செபக்கூட்டங்களுக்கு நானே போயிருக்கிறேன், நல்லபடியாக நடத்துகிறவர்களையும் தெரியும். ஆனால் உறுதிப்பூசுதலுக்குத் தயாராகும் பிள்ளையிடம் "அழுதால்தான் ஆவியார் வந்தார்" என்று சொல்வது திருச்சபையின் போதனையே இல்லை. ஆயரோ (பிஷப்), அதற்கு அதிகாரம் பெற்ற குருவோ, கிறிஸ்மா தைலத்தால் நெற்றியில் பூசி, உரிய வார்த்தைகளைச் சொல்லும்போது அருட்சாதனம் நிறைவேறுகிறது. அந்த வார்த்தைகளை இப்போதுள்ள வடிவில் வகுத்துக் கொடுத்தவர் திருத்தந்தை ஆறாம் பவுல், 1971இல். அழியாத முத்திரை என்பதால் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெற முடியும். பெறுபவர் விவரம் தெரிந்த வயதுடையவரானால் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (எண் 889) கேட்பது தகுந்த போதனை, நல்ல மனநிலை, திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் திறன், இவ்வளவுதான். கண்ணீர் அந்தப் பட்டியலில் இல்லை. சீடர்கள்மேல் ஆவியார் இறங்கிய பெந்தகோஸ்தே நாளில் பெருங்காற்றும் தீ நாவுகளும் வந்தன, சரி. ஆனால் 1 அரசர்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியாவுக்கு ஆண்டவர் காற்றிலும் இல்லை, நிலநடுக்கத்திலும் இல்லை, தீயிலும் இல்லை. அந்தப் பையனுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அப்போதும் அவன் முகம் முழுசாகத் தெளியவில்லை.

அடுத்தது பெட்டி. நான்கு குருக்கள் என்றார்களே, வந்தது வயதான ஒரே ஒருவர், அதுவும் தாமதமாக. பாவம், அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, முடிந்தவரை உட்கார்ந்து கேட்டார். மீதிப் பிள்ளைகளிடம் தாளும் பேனாவும் கொடுத்து, "பாவங்களை எழுதிப் பெட்டியில் போடுங்கள், எரித்துவிடுவோம், பாவசங்கீர்த்தனம் செய்ததற்குச் சமம்" என்றார் பேச்சாளர். சமம் இல்லை. பாவசங்கீர்த்தனம் என்னும் ஒப்புரவு அருட்சாதனத்தை நிறைவேற்ற ஒரு குருவால் மட்டுமே முடியும் (அதே சட்டம், எண் 965). பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது (எண் 983). பெட்டியில் விழும் தாளுக்கு அந்தக் காவல் எதுவும் கிடையாது.

கிடையாது என்பதை அன்று மாலையே பார்த்தோம். அடுத்த பேச்சுக்கு அவர் வந்தபோது மேசைமேல் அந்தப் பெட்டி, மூடி திறந்து கிடந்தது. "இங்கே ஒரு பிள்ளை எழுதியிருக்கு பாருங்க" என்று ஒரு தாளைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். பெயர் இல்லைதான். ஆனால் இரண்டாவது வரியிலேயே யார் வீட்டு விஷயம் என்று அந்தக் கூடத்துக்கே தெரிந்துவிட்டது. பெண்பிள்ளைகள் வரிசையில் தலைகள் ஒரே பக்கம் திரும்பின. எங்கள் உதவிப் பங்குத்தந்தை எழுந்து போய்த் தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், பெட்டியையும் எடுத்துக்கொண்டார். நிகழ்ச்சி எங்களைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்தது. பிள்ளைகளை மூட்டை கட்டச் சொல்லிவிட்டோம்.

கிளம்பும்போதும் விடவில்லை. முழுசாக இருந்தால்தான் சான்றிதழ், சான்றிதழ் இல்லாமல் உறுதிப்பூசுதல் கிடையாது என்று பிள்ளைகளை மிரட்டினார்கள். சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் வேறு! தியானம் வைப்பது பல மறைமாவட்டங்களில் உள்ள நல்ல வழக்கம். ஆனால் யார் தயார் என்று சொல்ல வேண்டியவர் பங்குத்தந்தை. வெளிக்குழு அச்சடித்த காகிதத்துக்கு அதில் வேலையே இல்லை.

சில நாள் கழித்து ஒரு அம்மா வீடியோ ஒன்றை எனக்கு அனுப்பினார். அபிஷேக இரவு, பின்னணியில் பாட்டு, அழுகிற முகங்கள் நெருக்கத்தில், கீழே "உங்கள் பங்கிலும் இந்த எழுப்புதல் வேண்டுமா?" என்று குழுவின் எண். அம்மா இல்லாத அந்தப் பிள்ளையும் அதில் இருந்தது. பெற்றோர் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. கேட்டபோது வந்த பதில்: "சாட்சியம் சொல்வதை சாத்தான் தடுக்கிறான், நீங்க அவனுக்கு இடம் கொடுக்காதீங்க சிஸ்டர்." எல்லாவற்றுக்கும் சாத்தான் மேல் பழி போடுவது எவ்வளவு வசதி பாருங்கள். பெற்றோர் சேர்ந்து சட்டப்படி போவோம் என்று எழுதிய பிறகுதான் வீடியோ காணாமல் போனது. பங்குத்தந்தை ஆயர் இல்லத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். பணம் வரவில்லை. "ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்காதீர்கள்" என்ற குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

இப்போது, யாரையாவது அழைக்க நினைத்தால், முதலில் மணிவாரியான நிரலைக் கேளுங்கள். "ஆவியார் வழிநடத்துவார், நிரல் எதற்கு?" என்று சொல்பவரிடம் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். நிரலில் தூக்கத்துக்கு எத்தனை மணி நேரம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையை அழவைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும், அவர்களுடைய பங்குத்தந்தையின் கடிதத்தையும் முன்கூட்டியே வாங்குங்கள். மறைமாவட்டத்தில் சிறார் பாதுகாப்பு விதிகள் இருந்தால் அதில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முனகினால் காரணம் இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக அறையில் இருக்கக்கூடாது, ஆலோசனை என்றாலும் சரி, செபம் என்றாலும் சரி.

பாவசங்கீர்த்தனத்தை மட்டும் வெளிக்குழுவிடம் விடாதீர்கள், உங்கள் பங்கே குருக்களை ஏற்பாடு செய்யட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 பிள்ளைகள், ஆளுக்கு 5 நிமிடம் என்றால் ஒரே குருவுக்கு மூன்று மணி நேரம். நிரலில் முக்கால் மணி என்று போட்டிருந்தால் கடைசியில் தாளும் பெட்டியும்தான் வரும்.

விசாரிக்கும்போது அவர்கள் அனுப்பும் சாட்சிய வீடியோவை நம்ப வேண்டாம். சென்ற ஆண்டு அவர்களை அழைத்த பங்கின் மறைக்கல்வி ஆசிரியரிடம் நேரில் பேசி, "அழாத பிள்ளைகளை என்ன செய்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். நாங்கள் இதெல்லாம் நடந்த பிறகு அவர்களை முன்பு அழைத்த ஒரு பங்கில் கேட்டோம். அங்கேயும் ஒரு கடைசி வரிசை இருந்திருக்கிறது.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, ரசீதும் எழுத்தில் நிரலும் வந்த பிறகு பேசுங்கள். சம்மதப் படிவத்தில் "புகைப்படம், காணொளி எடுக்க அனுமதி" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடித்த படிவத்தை ஒரு நகல் எடுத்து நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.