பின்கட்டா, ஊருணிக் கரையா?

காரைக்குடிப் பக்கம் கூஸ் வாத்து சுணங்கிப் படுத்தால் இரண்டு யோசனை வரும்: வீட்டுப் பின்கட்டில் தனியாக வைப்பது, இல்லை கூட்டத்தோடு ஊருணிக் கரையிலேயே விடுவது.

என் ஓட்டு பின்கட்டுக்கு. எவ்வளவு தின்றது, எச்சம் பச்சையா தண்ணியா என்பதெல்லாம் கண்ணில் படும். தொற்று பரவுவதும் குறையும். ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழவழப்பு, வாத்துக்குக் கால் வழுக்கும். சாக்கு விரித்து உலர்ந்த வைக்கோல் போடுங்கள்; பூஞ்சை பிடித்தது வேண்டாம், நுரையீரலைக் கெடுக்கும். மூக்கு முங்கும் அளவுக்கு அகலக் குண்டானில் தண்ணீரும் வேண்டும். (ஆச்சி திட்டுவார், பரவாயில்லை.)

கரையில் ஒரே லாபம் துணை. தனியாக விட்டால் சில வாத்துகள் இரையே எடுக்காது. வெறும் கால் சுளுக்கு என்றால் துணைக்கு ஒன்றைப் பின்கட்டுக்கே கொண்டுவரலாம். வாய் பிளந்து மூச்சு வாங்கினாலோ கழுத்து தொங்கினாலோ, கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டியதுதான்.