விளையாட்டறையின் திறப்பு யாரிடம்?

கண்ணாடி அலுமாரிக்குள் பொலித்தீன் உறை கழற்றாத கரடிப் பொம்மைகள் வரிசையாக இருந்தன. கீழ்த்தட்டில் ஒரு மர வீடு, அதற்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள். பக்கத்தில் ஒரு அம்புலன்ஸ் வண்டி, பிளாஸ்டிக் ஸ்டெதஸ்கோப், யானை, முதலை. சுவரோரம் அடிப்பக்கம் நீலம் பூசிய மணல் தட்டு. அதில் மணல் இல்லை. இவ்வளவையும் நான் யன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கதவில் பூட்டு. கதவுக்கு மேலே, அன்பளிப்புச் செய்த வெளிநாட்டுச் சங்கத்தின் பெயரும் திறந்துவைத்த திகதியும் பொறித்த கல். தங்கச்சியின் மகன், ஏழு வயது, யன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்த அம்புலன்ஸையே பார்த்தபடி நின்றான்.

லண்டனிலிருந்து லீவில் வந்து கட்டுநாயக்காவில் இறங்கியது, ஏ9 வீதியால் வந்தது, முறிகண்டியில் கும்பிட்டுக் கச்சான் வாங்கியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. குறை ஒன்றும் இல்லை. நான் எழுத வந்தது வன்னியில் ஒரு அரச வைத்தியசாலையில் பூட்டிக் கிடக்கும் இந்தப் பிள்ளைகளின் விளையாட்டறையைப் பற்றி.

தங்கச்சியின் மனுசன் இவனை மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு இருத்திக்கொண்டு பரந்தன் முல்லைத்தீவு வீதியில் வரும்போது லொறி தட்டிவிட்டது. மனுசனுக்குக் கால் உடைந்து தகடு வைத்திருக்கிறது. பிள்ளை வயலுக்குள் போய் விழுந்ததால் பெரிய காயம் இல்லை. அம்மாளாச்சி காப்பாற்றிவிட்டாள் என்று எல்லோரும் நிம்மதிப்பட்டார்கள். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. வீட்டுக்கு வெளியே வாய் திறப்பதில்லை. இரவில் பாயை நனைக்கிறான். லொறிச் சத்தம் கேட்டால் அறைக்குள் ஓடுகிறான். "பிள்ளை பயந்திட்டான்" என்று அம்மா திருநீறு போடுவித்து நூல் கட்டினா. அதில் எனக்கு மறுப்பே இல்லை. அவனை மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டே கட்டினா, அதுவும் ஆறுதல்தான். பள்ளிக்கூட ரீச்சர்தான் கிளினிக்குக் கொண்டுபோகச் சொன்னவர். டொக்டர் நல்லாகக் கதைத்தார், மருந்து எழுதவில்லை. "விளையாட்டு மூலம் செய்ய வேண்டிய வேலை இது, உளசமூக உத்தியோகத்தரிடம் காட்டுங்கோ" என்று கொப்பியில் எழுதித் தந்தார். எனக்கு அப்படியொரு சந்தோசம். வன்னியில் ஒரு அரச வைத்தியசாலையில் இந்த வார்த்தையைக் கேட்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அதே சந்தோசத்தோடு அந்தக் கதவடிக்குப் போனால் பூட்டு. அங்கே நின்ற ஊழியரைக் கேட்டேன்.

"திறப்பு ஆரிட்ட இருக்கு தம்பி?"

"முந்தி இருந்த மிஸ் மாற்றலாகிப் போயிட்டா அக்கா. சாமான் கணக்கு இன்னும் பாரம் குடுக்கேல்லை. அதுவரைக்கும் திறக்கேலாது."

"புது மிஸ் இருக்கிறாதானே?"

"அவா புதன்கிழமைதான் வருவா. அவாட்டையும் திறப்பு இல்லை."

அலுவலக அறைக்குப் போனேன். இன்னொரு திறப்பு உறையிலிட்டு ஒட்டி மேசை லாச்சிக்குள் இருக்கிறதாம், பொறுப்பானவர் கையெழுத்து வைத்தால்தான் உறையைக் கிழிக்கலாமாம், பொறுப்பானவர் கூட்டத்துக்குப் போய்விட்டாராம். வாங்கில் இருந்தோம். மத்தியானம் ஆனது. சோளகம் புழுதியை வாரி விறாந்தைக்குள் கொட்டியது. வந்தவர் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார், ஆனால் கையெழுத்து வைக்கவில்லை. காரணத்தை ஒரு தாதி தனியாகச் சொன்னா. அந்த அறையில் ஒவ்வொரு பொருளும் அரசாங்கக் கணக்கில் ஏறியிருக்கிறது. திரும்பிப் போய் யன்னலால் பார்த்தேன், உண்மைதான், அந்த மர வீட்டின் கூரையில் வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் எழுதியிருந்தது. ஒரு முதலை காணாமல் போனாலும் பாரம் எடுத்தவர் பதில் சொல்ல வேண்டும், காசும் கட்ட வேண்டிவரும். அந்தப் பயத்தில் ஒருவரும் பாரம் எடுக்கிறார்கள் இல்லை. பிள்ளைகள் எறிந்து உடைத்து நனைத்து விளையாடுவதற்கென்று வாங்கிய சாமானை மேசை கதிரை மாதிரிக் கணக்கில் ஏற்றியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

லண்டனில் என் மகளுக்குத் தொண்டையில் ஒப்பரேசன் செய்தபோது, சிறுவர் விடுதியில் விளையாட்டுக்கென்றே ஒரு ஊழியர் இருந்தார். ஒரு பொம்மையைக் கொண்டுவந்து அதன் கையில் ஊசிக் குழாயைப் பிள்ளையைக் கொண்டே குத்துவித்தார், முகமூடியைப் பொம்மைக்குப் போட்டுப் பழக்கினார். அடுத்த நாள் தன் கையை அவளாகவே நீட்டினாள். அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. மனம் சம்பந்தமான சேவைக்குப் பிள்ளையின் பெயரைக் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் அறை இருந்தால் அது திறந்திருக்கும், பொம்மைகள் அழுக்காக, ஒரு கண் இல்லாமல் கிடக்கும். அந்த அழுக்கைப் பார்த்தாலே வேலை நடக்கிறது என்று தெரியும்.

நான் அங்கே ஒரு ஆரம்பப் பள்ளியில் உதவியாளர். பயிற்சியில் இந்த விளையாட்டுச் சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். 1928 இல் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற டொக்டர் லண்டனில் பிள்ளைகளுக்கென்று ஒரு கிளினிக் திறந்தார். மணல் தட்டும் சின்னச் சின்ன உருவங்களும் கொடுத்து, பிள்ளைகள் தங்கள் உலகத்தைத் தாங்களே கட்ட விட்டார். தட்டின் அடி நீலமாக இருப்பது, மணலை விலக்கினால் தண்ணீர் தெரியட்டும் என்றுதான். 1940களில் அமெரிக்காவில் வேர்ஜீனியா அக்ஸ்லைன் என்ற உளவியலாளர் சொன்னதும் இதே வழிதான்: பிள்ளை முன்னுக்குப் போகும், பெரியவர் பின்னால் போக வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. ஏழு வயதுப் பிள்ளையிடம் "என்னப்பு நடந்தது, சொல்லு" என்றால் சொல்ல வார்த்தை இல்லை. ஆனால் கையில் ஒரு வண்டியைக் கொடுத்தால் நடந்ததை நடத்திக் காட்டும். உண்மையான லொறி அவனைக் கேட்டு வரவில்லை, மணலில் ஓடும் லொறி அவன் சொன்னால்தான் வரும், அவன் சொன்னால் நிற்கும். பயத்தைத் தன் கைக்குள் அடக்கிப் பார்க்கிற இடம் அது.

இது எங்களுக்கு வெளியிலிருந்து வந்த புதுமையும் இல்லை. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, 1996 இல், மட்டக்களப்பில் யேசுசபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வந்து களிமண்ணும் வர்ணமும் கதையுமாக அங்கே இருந்தார்கள். விளையாட்டு பிள்ளையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயம் 31ஆம் உறுப்புரையில் சொல்கிறது. இலங்கை அதை 1991 இலேயே ஏற்றுக்கொண்டது.

சண்டை முடிந்த 2009 வைகாசியில், சனத்தோடு சனமாக வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது தங்கச்சிக்குப் பதினேழு வயது. பிறகு மெனிக் பாம் அகதி முகாம். அவளை ஒருவரும் ஒரு மணித்தியாலம் இருத்திவைத்து, எதுவும் கேட்காமல் பக்கத்தில் இருந்ததில்லை. அவள் பிள்ளைக்காவது அது கிடைக்க வேண்டும் என்றுதான் நான் அவ்வளவு நின்று சண்டை பிடித்தேன்.

சரி, புதன்கிழமை போனோம். புது மிஸ்ஸுக்கு முப்பது வயதுகூட இராது. பஸ்ஸில் வந்து இறங்கி, பையிலிருந்து சாமான்களை எடுத்து விறாந்தைக் கோடியில் பாய் விரித்தார். ஒரு உடுப்புத் தோய்க்கிற பேசின் நிறைய மணல், சிரட்டைகள், சோடா மூடிகள், வெறும் மருந்துப் பெட்டிகள், ஊமல்கொட்டை, பூவரசம் இலை. எனக்குத் தொண்டை அடைத்தது. நாங்கள் பனங்காய் வண்டில் உருட்டி, சிரட்டையில் சோறு கறி காய்ச்சி, குரும்பட்டித் தேர் இழுத்த சாமான்கள்தான் எல்லாம். "இதுகள் கணக்கிலை இல்லை அக்கா, உடைஞ்சால் ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்றார்.

பிள்ளை கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். மிஸ் அவனைக் கூப்பிடவில்லை. பிறகு ஒரு மருந்துப் பெட்டியை எடுத்து மணலில் ஓட்டினான். எதிரே ஒரு சோடா மூடி. மோதினான். மூடி மணலுக்குள் புதைந்தது. தோண்டி எடுத்தான், திரும்பவும் மோதினான். திரும்பத் திரும்ப அதே மோதல், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மிஸ் நடப்பதை மட்டும் மெல்லச் சொன்னார்: "பெட்டி வருது. மூடி கீழ போயிட்டுது." இது லொறியா, அப்பா எங்கே என்று ஒரு கேள்வியும் இல்லை. 'கெட்டிக்காரன்' என்று புகழவும் இல்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்லிவைத்தார். சாமான்களை அப்படியே மணலில் விட்டுப் போகலாம் என்றார்.

இப்படி ஒரே மோதலிலேயே விளையாட்டு நின்றுவிடுவது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். 1976 இல் கலிபோர்னியாவில் பள்ளிக்கூட பஸ்ஸோடு கடத்தப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்த லெனோர் டெர் என்ற மனநல டொக்டர், ஆறுதல் தராமல் சுற்றிச் சுற்றி வரும் இந்த விளையாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். மிஸ்ஸிடம் கேட்டேன். "தெரியும் அக்கா. கதை அசையுதோ எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார். நான் லண்டனுக்குத் திரும்புவதற்கு முந்திய புதன்கிழமை அது அசைந்தது. மோதினான், மூடியைத் தோண்டினான், ஒரு சிரட்டையை எடுத்து அதற்குள் மூடியை வைத்தான். சிரட்டையை மெல்ல இழுத்துக்கொண்டு பேசினின் மற்றக் கரைக்குப் போனான். "ஆஸ்பத்திரி" என்றான். வீட்டுக்கு வெளியே அவன் சொன்னதாக நான் கேட்ட முதல் வார்த்தை.

அந்த நேரம் பார்த்து நோயாளர் துண்டு எடுக்க வந்த ஒரு ஐயா குனிந்து, "எங்க தம்பி, லொறிக்காரனுக்கு ரெண்டு அடி போடு பாப்பம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பிள்ளையின் கை நின்றுவிட்டது. பிறகு அன்றைக்கு அவன் மணலைத் தொடவே இல்லை. விறாந்தையால் போகிற வருகிற எல்லோரும் நின்று பார்க்கிறார்கள், புத்தி சொல்கிறார்கள், ஒரு அம்மா பிஸ்கட் கொடுத்தா. மிஸ்ஸின் திறமைக்கும் பொறுமைக்கும் குறையே இல்லை, அவருக்குத் தேவை சாத்தக்கூடிய ஒரு கதவு. அது பத்து அடி தூரத்தில் பூட்டிக் கிடக்கிறது.

உடைந்தால் கணக்கிலிருந்து எழுதித் தள்ளக்கூடிய பொருட்களாக அவற்றை மாற்றும்படியும், புது மிஸ்ஸிடம் அறையை ஒப்படைக்கும்படியும் தங்கச்சியும் நானும் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். கடிதம் கிடைத்ததற்குக் கையெழுத்தும் வாங்கினோம். இதை வாசிக்கிற சங்கக்காரருக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து இன்னும் கரடிப் பொம்மை அனுப்பாதீர்கள். அந்தக் காசுக்கு மிஸ்மாரின் பஸ் செலவைப் பாருங்கள், அவர்களுக்கு மேற்பார்வையும் பயிற்சியும் கிடைக்க வழி செய்யுங்கள், அறை கொடுப்பதென்றால் யார் திறப்பார், எந்தெந்த நாள் திறப்பார் என்று எழுத்தில் வாங்கிவிட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள், அடுத்த லீவுக்குப் போகும்போது நேரே போய்க் கதவைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். புதன்கிழமையாகப் பார்த்துப் போனால் மிஸ்ஸையும் சந்திக்கலாம்.