கோகோபீட் கட்டி, 98 குழித்தட்டு: மண்ணில் முளைக்காத விதை இதில் முளைக்குமா?

மண்ணில் போட்ட விதை வரவில்லை என்றதும் பழி முழுக்க விதைப் பாக்கெட் மேல் விழுகிறது. அடுத்து கோகோபீட் கட்டியும் (அழுத்திய தேங்காய் நார்த்தூள்) குழித்தட்டும் (சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு) வாங்குகிறார்கள். இரண்டும் நல்ல பொருள்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விட இவற்றைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் கட்டியை ஊறவைத்து அலசாமல் அப்படியே விதைத்தால், மண்ணில் போன விதை இதிலும் போகும்.

காசு செலவழிக்கும் முன் பழைய தொட்டியைக் கிளறிப் பாருங்கள். விதைத்துப் பத்து நாள் ஆகியும் எதுவும் தலைகாட்டவில்லை என்றால், விதைத்த இடத்தை ஸ்பூனால் மெதுவாகத் தோண்டி விதையை வெளியே எடுங்கள். போட்டபடியே காய்ந்து கெட்டியாக இருந்தால் ஈரம் அந்த ஆழத்துக்குப் போகவில்லை. ஊறிப் பருத்து, நசுக்கினால் உள்ளே வெள்ளையாக இருந்தால் விதைக்கு உயிர் இருக்கலாம், இன்னும் சில நாள் பொறுக்கலாம். கூழாகி நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகம், அல்லது விதை ஏற்கெனவே செத்தது. விதையே காணோம் என்றால் எறும்பு; கீரை விதையில் இது அடிக்கடி நடக்கும். முளை விட்டு, மேலே வர முடியாமல் வளைந்து கிடந்தால் ஆழம் அதிகம், அல்லது மண் மேலே பொருக்குத் தட்டிவிட்டது. களிப்பான மண்ணில் பூவாளியால் ஊற்றி வெயிலில் விட்டால் மறுநாளே பொருக்கு வரும்.

இவற்றில் பொருக்கு, தண்ணீர் தேங்குவது இரண்டையும் கோகோபீட் தீர்க்கிறது. விதைக்கு ஈரத்தைப் போலவே காற்றும் வேண்டும். ஊறிய விதை மூச்சுவிடுகிறது. சேற்றில் அதற்கு ஆக்சிஜன் கிடைக்காமல் அழுகுகிறது. நார்த்தூள் நிறைய தண்ணீரைப் பிடித்துக்கொண்டாலும் இடையில் காற்றுக்கு இடம் விடும். செத்த விதையையும் தடித்த தோலையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கட்டியின் பெரிய குறை உப்பு. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உப்பு கலந்த நீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் கூடும். உப்பு நீரிலிருந்து விதையால் எளிதில் ஈரத்தை இழுக்க முடியாது. முளைத்தாலும் வேர் நுனி பழுப்பாகிக் கருகும். அட்டையில் 'லோ ஈசி' (உப்பு குறைவு) அல்லது 'வாஷ்டு' (அலசியது) என்று இருப்பதை வாங்குங்கள். சில ரூபாய் கூடுதலானாலும் தரலாம். எதுவும் எழுதாத கட்டியை அலசாமல் நம்பக் கூடாது.

5 கிலோ கட்டிக்கு 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். உதிர்ந்தால் ஏறத்தாழ 70 லிட்டர் தூள் வரும். வீட்டுக்கு அது மிக அதிகம். செங்கல் வடிவில் வரும் 650 கிராம் கட்டி போதும், மூன்று தட்டு நிரம்பும். உதிர்த்த தூளைச் சாக்கில் போட்டு நல்ல தண்ணீர் ஊற்றி, வடியவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். மூன்று முறை செய்தால் காப்பி நிறத்தில் வடிந்த நீர் வெளிறும். நிறம் மட்டும் போதாது. அது மட்டையிலிருந்து இறங்கும் டானின் என்ற பொருளின் கறை, உப்புக்கு நிறமில்லை. வீட்டில் டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) இருந்தால் ஊற்றும் நீரையும் பிழிந்த நீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 300 பிபிஎம்முக்கு மேல் என்றால் இன்னொரு முறை அலசுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைநீர் எடுங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கைதான் கருவி. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சொட்டச் சொட்ட நிரப்பி, தினமும் ஊற்றி, கடைசியில் நாற்றழுகலை (நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாயும் நோய்) கொண்டுவருகிறார்கள்.

98 குழித்தட்டுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ ஈரத்தூள் வேண்டும். அழுத்தாமல் நிரப்பி, அரை சென்டிமீட்டர் குழி போட்டு, குழிக்கு ஒரு விதை வைத்து, மேலே தூள் தூவுங்கள். விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்குதான் ஆழம். பையில் விதைக்கும் வெண்டை, பாகலுக்கு 2 சென்டிமீட்டர் வரை போகலாம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடி நிழலில் வைத்தால் சூடும் ஈரமும் நிற்கும், நடுவில் தண்ணீர் தேவைப்படாது. முளை தெரிந்த அன்றே பிரித்து வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். முளைக்கத் தக்காளிக்கு நாலைந்து நாள், மிளகாய்க்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். குளிரான மார்கழி இரவுகளில் மிளகாய் இன்னும் தாமதிக்கும். அதைச் செத்த விதை என்று கொட்டிவிடாதீர்கள்.

தட்டு வாங்கும்போது ஒவ்வொரு குழிக்கும் அடியில் துளை முழுதாக வெட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய தட்டு நிரம்பியபின் தூக்கும்போது மடங்கி விரிசல் விடும். தடித்த தட்டு பல பருவம் உழைக்கும். வெண்டைக்கும் பாகலுக்கும் இந்தத் தட்டு வேண்டாம். நேரே பையில் விதைப்பதே நல்லது. வெண்டையை இரவு முழுக்க ஊறவையுங்கள். பாகல் விதையின் கூர்முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி ஒரு நாள் ஊறவிட்டால், தடித்த ஓட்டுக்குள் ஈரம் இறங்கும். பப்பாளி விதை மேல் இருக்கும் வழவழப்பான சவ்வைச் சாம்பலில் தேய்த்து எடுக்காவிட்டால் அது முளைப்பைத் தடுக்கும்.

கோகோபீட்டில் போதிய சத்து இல்லாததும் ஒரு குறையே. இரண்டு இலை வரை விதையின் சேமிப்பு போதும், பிறகு நாற்று மஞ்சளாகும். விதைத்த 18ஆம் நாள் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றினால் தேறும். நாற்றழுகலைத் தடுக்க விதையை முன்கூட்டியே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளில், கிலோவுக்கு 4 கிராம் கணக்கில், புரட்டுங்கள். சிறு பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை.

விதைமேல் சந்தேகம் என்றால், 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி, டப்பாவில் வைத்து, முளைத்தவற்றை எண்ணுங்கள். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கு 70 சதவீதம், மிளகாய்க்கு 60. அதாவது 20 மிளகாய் விதையில் 12 வந்தாலே சரியான பாக்கெட். நாலு ஐந்துதான் வருகிறது என்றால் அட்டையில் சோதனைத் தேதியைப் பாருங்கள். சோதித்த நாளிலிருந்து 9 மாதம்தான் செல்லும். அது கடந்திருந்தால் கட்டியும் தட்டும் வாங்கும் காசுக்குப் புது விதை வாங்குங்கள்.