மோட்டார் ஓடுகிறது என்றுதான் சொல்லும்

குலசேகரத்திலிருந்து சித்தப்பா மகன் கேட்டிருந்தான்: "அண்ணே, மொபைல் ஸ்டார்ட்டர் வெல கொறஞ்சிருக்கு, வாங்கட்டா?" கேட்ட நேரம் சரியில்லை. என்னுடையது ரிப்பேர் முடிந்து வந்து மூன்றாம் நாள். அவனுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் பாதிக்கு மேல் வசவுதான். கொஞ்சம் ஆறிய பிறகு இதை எழுதுகிறேன். முழுக்க ஆறவில்லை.

கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற இந்தப் பெட்டியை நாலு வருடமாக வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் ஒரு சிம், போன் போட்டால் ஒரு பெண் குரல், 1 அழுத்தினால் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும். இதெல்லாம் தெரிந்த கதை. வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. காகிதத்துக்கு அலைய முடியாமல் நான் கடையிலேயே வாங்கிவிட்டேன். 4ஜி மட்டும் தரும் சிம் இந்த மாடலில் வேலை செய்யாது, 2ஜி வேண்டும். மோட்டார் ரூமில் சும்மா உட்கார்ந்திருக்கும் சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போடுவது ஒரு எரிச்சல். பழகிவிட்டது.

வீடு நாகர்கோவிலில், விளை (தோட்டம்) எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஆனந்தனாறு கால்வாய்க்குக் கீழே. மட்டி, ஏத்தன் என்று இரண்டு வகை வாழை போட்டிருக்கிறேன். ராத்திரி பைக் எடுத்துப் போய் சுவிட்ச் போட்டுவிட்டு வரும் வேலை போனது. அதற்காகத்தான் வாங்கினேன், அது நடந்தது. ஆனால் இந்தப் பெட்டியிடம் நான் மயங்கியது வேறு ஒரு விஷயத்தில்.

கிணறு வற்றினால் மோட்டார் காற்றை இழுக்கும். அது இழுக்கும் கரண்டின் அளவு, அதாவது ஆம்பியர், சட்டென்று இறங்கும். என் 5 எச்.பி. மோட்டார் 7.2-ல் ஓடும், தண்ணீர் விட்டுப்போனால் 5-க்குக் கீழே வந்துவிடும். பெட்டி அதைப் பார்த்து நிறுத்திவிட்டு ஒரு மெசேஜ் அனுப்பும், எத்தனை நிமிடம் ஓடியது என்ற கணக்கோடு. முதல் கோடையில் இது மோட்டாரைக் காப்பாற்றுகிறது என்று மட்டும் நினைத்தேன். அப்புறம்தான் அந்த நிமிடக் கணக்கை காலண்டரில் குறிக்க ஆரம்பித்தேன். மே கடைசியில் 35 நிமிடம், சில நாள் 30. ஜூனில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அணை திறந்து கால்வாயில் தண்ணீர் வந்த நாலாம் நாள் 48. பத்தாம் நாள் ஒன்றரை மணி நேரம் ஓடியும் நிற்கவில்லை. கால்வாய்த் தண்ணீர் மண்ணுக்கடியில் நடந்து என் கிணற்றுக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். இதற்காக யாரும் இந்தப் பெட்டியைச் செய்யவில்லை. அப்பா காலையில் பேப்பரில் அணைகளின் நீர்மட்டம், பேச்சிப்பாறை 48 அடியில் எத்தனை, பெருஞ்சாணி 77-ல் எத்தனை என்று பார்ப்பார். நான் போனில் நிமிடம் பார்ப்பேன். இரண்டு பேரும் ஒரே தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், அதனால் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதே இல்லை. ஒரு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. பாதியாகக் குறைத்தேன். வாழை மூட்டில் எப்போதும் இருந்த சதசதப்பு போனது, குலை ஒன்றும் சிறுக்கவில்லை.

இப்போது வசவு. இந்தப் பெட்டிக்குத் தண்ணீர் தெரியாது. ஆம்பியர்தான் தெரியும்.

போன மார்ச்சில் மூன்று மணி நேரம் போன் போட்டுக் கேட்டபோதெல்லாம் 'மோட்டார் இயங்குகிறது' என்றது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஹோஸ் கழன்று கிடக்கிறது, தண்ணீர் மொத்தமும் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குள். வாழை காய்ந்து நிற்கிறது. வீட்டில் வந்து குதித்தேன். அப்பா சாய்வு நாற்காலியை விட்டு எழவே இல்லை. "ஓடுதுன்னுதான மக்கா அது சொல்லிச்சு, வெள்ளம் பாயுதுன்னு சொல்லிச்சா?" எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

ஐப்பசி இடியில் பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் கார்டு கருகியது. மழைக்காலம், அவசரம் இல்லை. தையில்தான் ரிப்பேருக்குக் கொடுத்தேன். 1,800 ரூபாய். "எல்லாம் செட் பண்ணியாச்சு அண்ணாச்சி" என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனார் மெக்கானிக். பகலில் ஒழுங்காக ஓடியது. ராத்திரி வோல்ட்டேஜ் ஏறும், ஏறினால் என் மோட்டாரில் ஆம்பியர் கொஞ்சம் இறங்கும், 6.4 வரை. எந்த ஆம்பியருக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்ற கட்-ஆஃபை அவர் 6.5-ல் வைத்திருக்கிறார். கிணற்றில் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் கிடக்கிறது, இது 'நீர் இல்லை' என்று நிறுத்திவிட்டு என்னை எழுப்புகிறது. ஒரே ராத்திரியில் நாலு தடவை. அந்தப் பெண் குரலில் துளி சந்தேகம் கிடையாது. மறுநாள் நானே போய், மெனுவில் தட்டித் தடவி 5.5-க்கு இறக்கினேன். மோட்டார் ஓடும்போது டிஸ்ப்ளேயில் என்ன ஆம்பியர் காட்டுகிறது என்று பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பார்த்துவிட்டு வைக்க வேண்டிய எண் அது. ஐந்து நிமிட வேலை.

தம்பி, உனக்குக் குளத்துத் தண்ணீர், அரை மணி நேரத்தில் வற்றப் போவதில்லை. எனக்குக் கிடைத்த ருசி உனக்குக் கிடைக்காது. ராத்திரி போன் மட்டும் தப்பாமல் வரும். வாங்காதே.

இதைச் சொன்னதும், "அப்போ ஒங்களத கழத்தித் தாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அது நடக்காது. ஜூனில் கால்வாய் திறக்கும்போது எனக்கு வேண்டும்.