பழைய தூண்டில் கோலுக்கு எந்தப் பூச்சு?

மேசை நாற்காலிக்குச் சொல்லும் பூச்சு யோசனைகளில் பாதி தூண்டில் கோலுக்கு ஒத்துவராது. கோல் ஒவ்வொரு வீச்சிலும் வளைந்து நிமிர்கிறது, ஈரத்திலும் வெயிலிலும் கிடக்கிறது. அதனால் இந்தக் கோல் இனி மீன் பிடிக்கப் போகிறதா, அலமாரியில் காட்சிக்கு இருக்கப் போகிறதா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

காட்சிக்கு என்றால் அவலரக்கு (ஷெல்லாக்) அருமை. ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாகப் பூசினால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். பழைய அரக்கின் மேல் புதிதைப் பூசினால் இரண்டும் கரைந்து ஒன்றாகும். பிடிக்காவிட்டால் ஸ்பிரிட்டாலேயே துடைத்துவிடலாம். ஆனால் தண்ணீர் பட்டு நின்றால் வெள்ளையாகப் பூத்துவிடும். வளைக்க வளைக்க விரிசல் விடும்.

ஆற்றங்கரைக்குப் போகும் கோலுக்கு என் ஓட்டு ஸ்பார் வார்னிஷுக்குத்தான். கப்பலின் பாய்மரக் கம்பங்களுக்கென வந்தது அது. எண்ணெய்ப் பங்கு அதிகம் என்பதால் மரத்தோடு சேர்ந்து வளையும். மெதுவாகக் காய்வதுதான் தொல்லை. அதுவரை தூசியெல்லாம் வந்து ஒட்டும். ஒவ்வொரு பூச்சும் நன்றாக இறுகும்வரை பொறுக்க வேண்டும். மெல்லியதாக 2 அல்லது 3 பூச்சு போதும். அதற்கு மேல் ஏற்றினால் கோல் கனத்து, துடிப்பு போய்விடும்.

பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு கீறலைத் தாங்கும், உண்மைதான். ஆனால் பழைய பூச்சின் மேல் சரியாகப் பிடிக்காமல் ஏடு ஏடாக உரியக்கூடும். பிறகு அதை எடுக்கச் சுரண்டத்தான் வேண்டும். அங்கேதான் எனக்குப் பயம்.

பிளந்த மூங்கில் கோல் பெரும்பாலும் 6 பட்டைகளை ஒட்டிச் செய்தது. மூங்கிலின் வலுவான நார் தோலுக்கு அடியிலேயே நெருங்கி இருக்கிறது. உள்ளே போகப் போகத் தளர்ந்துவிடும். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் தேய்வது பூச்சு மட்டுமல்ல, கோலின் பலமும்தான். மையால் எழுதிய பெயர் இருந்தால் அதுவும் பூச்சோடு போய்விடும். மிகப் பழைய கோல்களில் பட்டைகளை ஒட்டியது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசை. சூடும் தண்ணீரும் அதை இளக்கிவிடும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியை அருகில் கொண்டு போகாதீர்கள்.

கிரீன்ஹார்ட் போன்ற கடின மரத்தில் செய்த முழுமரக் கோலுக்கு, துங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் துங் எண்ணெய் தேய்ப்பவர்கள் உண்டு. பார்க்க அழகு, பழுதுபார்ப்பதும் எளிது. ஈரத்தைத் தடுப்பதில் வார்னிஷுக்குக் கீழேதான்.

தூண்டில் நூல் ஓடும் வளையங்களைக் கோலோடு கட்டிய பட்டு நூலையும் கவனியுங்கள். நேரடியாக வார்னிஷ் பட்டால் நூல் கண்ணாடி போலாகி அடியில் உள்ள மரம் தெரியும். வெளிர் நிறங்கள் ஏறக்குறைய மறைந்தே போகும். துண்டு நூலில் சோதித்த பிறகே கோலில் கை வையுங்கள்.

பழைய பூச்சு எது என்று தெரியவில்லையா? கைப்பிடியருகே மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அநேகமாக அரக்கு. அசையாமல் இருந்து, பூச்சு மங்கியிருக்கிறதே தவிர உரியவில்லை என்றால், உரிக்கவே வேண்டாம். அழுக்கைத் துடைத்து, லேசாக மினுக்கி, மேலே ஒரே ஒரு மெல்லிய பூச்சு ஸ்பார் வார்னிஷ் கொடுங்கள்.