உப்பளத் தண்ணீரைப் பார்க்க ஒரு காகித நுண்ணோக்கி: ஃபோல்ட்ஸ்கோப்

கோடையில் தூத்துக்குடி உப்பளங்களின் ஓரமாகச் சென்றவர்கள், உப்பு விளையும் பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியிருப்பதைக் கவனித்திருப்பார்கள். அந்த நிறம் மண்ணிலிருந்து வருவதன்று. தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களே அதற்குக் காரணம். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு இருக்கும் உப்பு, பாத்தியில் படியத் தொடங்கும்போது 25 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. மீனும் பெரும்பாலான பாசிகளும் தாங்காத அந்தச் செறிவில்தான் இவை செழித்துப் பெருகுகின்றன. வேற்றுக்கோள்களில் உயிர் இருக்குமா என்று ஆராய்பவர்கள் இத்தகைய உயிர்களைப் பற்றியே மீண்டும் மீண்டும் பேசுவதால், அவற்றை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கியை வாங்கினேன். சில வாரங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, இப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மனு பிரகாஷும் அவருடைய மாணவராயிருந்த ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய கருவி இது. இதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. நீர்பட்டாலும் கிழியாத தாளிலிருந்து பகுதிகளைப் பிரித்தெடுத்து, அச்சிட்டுள்ள கோடுகளின்படி மடித்துச் செருகினால் நுண்ணோக்கி தயாராகிவிடும். முதல் முறை எனக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று; பிரித்து மறுபடி மடித்தபோது பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. உள்ளே இருப்பது மிகச் சிறிய ஒற்றை வில்லை. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த லேவன்ஹூக் ஒற்றை வில்லையை வைத்து நுண்ணுயிர்களை முதன்முதலாகக் கண்டாரே, அதே தத்துவம்தான். 140 மடங்கு பெரிதாக்கும். 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள நுணுக்கம் வரை பிரித்துக் காட்டும். காகிதத்தை இரு கட்டைவிரல்களாலும் மெல்ல நகர்த்திக் குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். கை நடுங்கினால் காட்சியும் நடுங்கும் என்பதால், காந்த இணைப்பைக் கொண்டு கைபேசியின் கேமராவில் ஒட்டிவைத்துப் பார்ப்பதே நல்லது. வானத்தின் வெளிச்சம் போதும். சூரியனை நேராக நோக்கிப் பிடிக்கவே கூடாது.

முதல் நாள் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தகட்டில் வைத்த உப்பளத் துளி காய்ந்துகொண்டே வந்ததால், குழாய்த்தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்த்தேன். அதன்பின் எதையும் காண முடியவில்லை. பாத்தியில் வாழும் உப்புவிரும்பி ஆர்க்கியாக்கள், அதாவது பாக்டீரியாவைப் போல ஒற்றைச் செல்லாலான, ஆனால் வேறு வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள், தம் உடலுக்குள் பொட்டாசியம் குளோரைடைச் செறிவாக நிரப்பிக்கொண்டு வெளியிலிருக்கும் உப்பை ஈடுகட்டுபவை. அவற்றின் புரதங்களே உப்பில்லாமல் நிலைகுலைந்துவிடும். நல்லதண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறிவிடும். நமக்கு உயிர்நீராக இருப்பது அவற்றுக்குச் சாவு என்பதைப் படித்திருந்தும், கையால் செய்து பார்த்த பிறகே எனக்கு அது உறைத்தது.

அடுத்த நாள் நல்லதண்ணீர் சேர்க்காத துளியை வைத்து மூடுகண்ணாடியை விரைவாக மூடினேன். ஆரஞ்சு நிறத்தில் முட்டை வடிவச் செல்கள் திரையின் குறுக்கே சுழன்று சுழன்று நீந்தின. டுனாலியெல்லா சலைனா என்னும் பாசி அது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டீன் நிறைந்திருப்பதால் அதற்கு அந்த நிறம். கிளிசராலைத் தனக்குள் சேர்த்துவைத்து உப்பின் இழுப்பைத் தாங்குகிறது. நீந்த உதவும் சாட்டை போன்ற அதன் இரண்டு கசையிழைகளும் இந்த வில்லைக்குள் அகப்படவில்லை என்றாலும், நீந்தும் விதத்திலிருந்தே அவை இருப்பதை உணர முடிந்தது. அந்தக் காட்சிக்காக மட்டுமே இதை வாங்கியிருந்தாலும் எனக்கு நிறைவாகவே இருந்திருக்கும்.

ஆனால் பாத்தியின் சிவப்புக்குப் பெரும்பங்கு தரும் ஆர்க்கியாக்களை இது தெளிவாகக் காட்டாது என்பதையும் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டு நுண்ணுயிரியலாளர் ஆண்டனி வால்ஸ்பி எகிப்தின் சினாய்ப் பகுதியின் உப்புக்குட்டையொன்றில் சதுர வடிவ ஆர்க்கியாச் செல்களைக் கண்டறிந்து அறிவித்தார். அவற்றை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சில மைக்ரான் மட்டுமே அகலமும், அதைவிட மிக மெல்லிய கனமும் கொண்ட அந்தச் சதுரத்தை இந்தக் கருவியில் தேடுவது வீண்முயற்சி. என் துளியில் அசையாத சிறு புள்ளிகள் ஏராளமாகத் தெரிந்தன. அவை உயிரா, உப்புத் துகளா, வெறும் தூசியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வேற்றுக்கோள் தேடலின் கடினம் விளங்கியது. 2008ஆம் ஆண்டு செவ்வாயின் வடதுருவச் சமவெளியில் இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலத்தில் ஓர் ஒளி நுண்ணோக்கி இருந்தது. அதன் படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) 4 மைக்ரான் அளவைக் குறிக்கும். நுண்ணிய ஊசிமுனையால் பரப்பைத் தடவி அதைவிட நுட்பமாகப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கியும் உடன் சென்றது உண்மைதான்; ஆயினும் நான் மடித்த காகிதம் காட்டும் நுணுக்கமும் செவ்வாய்க்குப் போன அந்த ஒளி நுண்ணோக்கியின் நுணுக்கமும் ஒப்பிடத்தக்கவை என்று எண்ணியபோது வியப்பாக இருந்தது. துளியில் நீந்தியதை உயிர் என்று நான் உடனே சொல்லிவிட்டேன். நீந்தாததைச் சொல்ல முடியவில்லை. அண்டார்க்டிகாவில் 1984இல் கிடைத்த, ஏஎல்எச் 84001 எனப்படும் செவ்வாய் விண்கல்லில் புழுவைப் போன்ற மிக நுண்ணிய வடிவங்கள் இருப்பதாகவும், அவை பழைய உயிரின் தடயமாக இருக்கலாம் என்றும் 1996இல் விஞ்ஞானிகள் சிலர் அறிவித்தார்கள். வடிவத்தை மட்டும் வைத்து உயிரென்று முடிவு செய்ய இயலாது என்ற மறுப்பே பின்னர் வலுத்தது. என் தகட்டிலிருந்த புள்ளிகளைப் பார்த்த பிறகு, அந்த மறுப்பு நியாயமானது என்றே நானும் கருதுகிறேன்.

ஃபீனிக்ஸ் செவ்வாய் மண்ணில் குளோரினும் ஆக்சிஜனும் அடங்கிய பெர்குளோரேட் உப்புகளையும் கண்டது. இத்தகைய உப்புகள் நீரின் உறைநிலையை வெகுவாகக் கீழே இறக்கிவிடும் என்பதால், கடுங்குளிரிலும் உப்புநீர் உறையாமல் இருக்க வாய்ப்புண்டு. செவ்வாயில் உயிரைத் தேடுபவர்கள் உப்பளத்து உயிர்களைக் கருத்தாகப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவரில் மெத்தைபோல் படர்ந்த பாசியிலிருந்து (மாஸ்) கிள்ளிய காய்ந்த துண்டை ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்த நீரில் நீர்க்கரடியும் கிடைத்தது. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய இந்த எட்டுக்கால் விலங்கு இக்கருவியில் மிக அழகாகத் தெரிகிறது. 2007இல் விண்வெளியின் வெற்றிடத்தில் பத்து நாள் வைக்கப்பட்டும் இவற்றில் பல பிழைத்தன. எனினும் இதைக் கடுஞ்சூழல் விரும்பி என்று சொல்வது சரியன்று. இது கடுமையைத் தாங்கிக்கொண்டு உறங்குகிறது, உப்பளத்து உயிரோ கடுமையில்தான் வாழ்கிறது.

பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் பள்ளிகளுக்கும் இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பாக்டீரியாவைத் தெளிவாகக் காண விரும்புபவர்கள் கல்லூரி ஆய்வகத்து நுண்ணோக்கியைத்தான் நாட வேண்டும். தகடுகளும் விளக்கும் சேர்ந்து உலோகப் பெட்டியில் வரும் தொகுப்பே வசதியானது. உப்புநீரைப் பார்த்து முடித்ததும் காந்தங்களையும் வில்லையையும் ஈரத்துணியால் துடைத்து உலரவைத்துவிடுங்கள். உப்புப் படிந்தபடி விட்டால் காந்தம் துருப்பிடிக்கும், வில்லையின் மேல் படிகங்கள் ஒட்டிக்கொள்ளும்.