கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கான மரதன் பயிற்சி: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கிளிநொச்சி நகரையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த பதின்ம வயதுப் பிள்ளைகளை 42.195 கிலோமீற்றர் மரதன் ஓட்டத்துக்குத் தயார்ப்படுத்தும் இலவசப் பயிற்சி ஒன்றை, சில ஆசிரியர்களும் ஒரு தாதிய உத்தியோகத்தரும் வங்கி ஊழியர் இருவரும் அறிவியல் நகரில் படிக்கும் பல்கலைக்கழக மாணவர் சிலரும் சேர்ந்து, எந்தக் கொடுப்பனவும் பெறாமல் நடத்தி வருகிறார்கள். பதிவோ பெயர்ப்பலகையோ இல்லாத குழு இது. பிள்ளைகள் இதனைக் "காலமை ஓட்டம்" என்றே அழைக்கிறார்கள். ஆவணியில் தொடங்கி மாசியில் முடியும் பருவத்தை என் மகள் நிறைவுசெய்தாள். என் தம்பியின் மகன் இடையில் விலகினான். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோர் பலர் இருப்பதால், இருவரும் கண்டதையும் வீதியோரத்தில் நின்று நான் கண்டதையும் வைத்து இதனை எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலைகளில் மரதன் என்றால், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சில நாட்கள் முன்னதாக நடக்கும் வீதி ஓட்டந்தான். தூரம் சில கிலோமீற்றர்; முன்பயிற்சி என்று எதுவும் இராது; விசில் ஊதியவுடன் எல்லோரும் ஒரேயடியாகப் பாய்ந்து, முதலாவது சந்தியிலேயே பாதிப்பேர் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முன்னுக்கு வந்தவர்களால் இல்லத்துக்குப் புள்ளி சேரும். மற்றவர்கள் தமக்கு ஓட்டம் வராது என்ற முடிவோடு வீடு திரும்புவார்கள். அந்த முடிவைப் பிள்ளைகளின் மனத்திலிருந்து பொறுமையாக இறக்கி வைப்பதே இந்தப் பயிற்சியின் ஆகப் பெரிய சிறப்பு. முதல் மாதத்தில் ஓட்டத்துக்கு நிகராக நடையும் உண்டு. வேகமெடுத்து முன்னால் போகிற பையனை யாரும் பாராட்டுவதில்லை; திருப்பி அழைத்து வந்து கடைசிக் குழுவோடு சேர்த்து விடுகிறார்கள். "தம்பி, கதைச்சுக்கொண்டு ஓடு. கதைக்க ஏலாட்டி நட" என்று ஓர் ஆசிரியை சொல்லிக்கொண்டே போவதைப் பல காலைகளில் கேட்டிருக்கிறேன். மூச்சு முட்டாமல் ஒரு முழு வசனம் பேச முடிகிற வேகமே நெடுந்தூரப் பயிற்சிக்கு உரிய வேகம் என்பது பல நாடுகளிலும் பயிற்றுநர்கள் கைக்கொள்ளும் எளிய சோதனை. அந்த வேகத்தில் ஓடும் உடல் கொழுப்பையும் எரிபொருளாக எடுக்கப் பழகுவதால், தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாச்சத்து நெடுநேரம் தாக்குப்பிடிக்கிறது. அது தீர்ந்துபோவதால்தான் மரதன் ஓடுபவர்களில் பலர் முப்பதாவது கிலோமீற்றரை அண்டியவுடன் காலை எடுத்து வைக்க முடியாமல் தடுமாறுகிறார்கள். இந்த விளக்கங்கள் எல்லாம் ஓடும்போதே பேச்சோடு பேச்சாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகின்றன.

வாரத்தில் இரண்டு மாலைகள் மைதானத்தில் குறுந்தூரமும் ஞாயிறு அதிகாலை வீதியில் நெடுந்தூரமும் ஓடுவது ஒழுங்கு. வாரத்தின் மொத்தத் தூரத்தை முந்திய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. இடையிடையே ஒரு வாரம் தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஆறுதல் கொடுக்கிறார்கள். இறுதி ஓட்டத்துக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில் மேலும் குறைக்கிறார்கள். இவை பயிற்சி நூல்களில் உள்ளவை. நான் வேறெங்கும் காணாதது அவர்கள் வைத்திருக்கும் சீ.ஆர். கொப்பி. பெயர், தூரம், நேரம், நித்திரை, நோ என்று அதில் ஐந்து நிரல்கள் கோடிடப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிள்ளையும் ஓடி முடித்தவுடன் வரிசையில் நின்று தன் வரியைத் தன் கையாலேயே நிரப்ப வேண்டும். கடைசி நிரலில் "ஒன்றுமில்லை" என்று எழுதுகிற பிள்ளையைத் தாதிய உத்தியோகத்தர் மதகுக் கட்டில் இருத்தி, முழங்காற் சில்லுக்குக் கீழேயும் குதிக்காலிலும் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, முகம் சுளிக்கிறதா என்று கவனித்த பிறகே அந்த வரியை ஏற்றுக்கொள்கிறார். வளர்கிற வயதில் எலும்பு முனைகளின் வளர்ச்சித் தகடுகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால், தசைநார்கள் வந்து பற்றும் இந்த இரண்டு இடங்களிலும்தான் மிகைப் பயிற்சியின் நோ முதலில் தலைகாட்டும். பெரியவர்களுக்கு எழுதிய ஓட்ட அட்டவணையைப் பிள்ளைகளுக்கு அப்படியே போடக்கூடாது என்பதை இவர்கள் அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கொப்பி ஒன்றே போதும்.

என் பெறாமகனின் வரியில் வலது முழங்காலுக்குக் கீழ் நோ என்பது தொடர்ந்து பதிவானபோது, அவனை நிறுத்தி, கடிதம் கொடுத்து, வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அது சரியான முடிவு. அதற்குப் பிறகு அவனை என்ன செய்வது என்பதில்தான் குழு தவறிவிட்டது. ஓடாத பிள்ளைக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. சில ஞாயிறுகள் வந்து மதகில் குந்தியிருந்து மற்றவர்கள் போவதைப் பார்த்தான். பிறகு வராமல் விட்டான். நேரம் குறிக்கும் வேலையையோ தண்ணீர்ச் சைக்கிளையோ அவனிடம் கொடுத்திருந்தால், முழங்கால் ஆறும்வரை அவன் அந்தக் கூட்டத்தோடேயே இருந்திருப்பான். இதைக் குழுவினரிடம் நேரிலும் சொன்னேன். மறுக்கவில்லை, ஆனால் ஆட்கள் போதாது என்றார்கள். பிள்ளைகளின் தொகைக்குத் தொண்டர்கள் குறைவு என்பது உண்மைதான். மாரி காலத்தில் பரீட்சையும் அலுவலக வேலையும் வந்து தொண்டர்களே வராத காலைகளும் உண்டு. சம்பளம் இல்லாத வேலையில் அதைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை; எனினும், பிள்ளையை இருட்டில் கொண்டுவந்து விட்ட பிறகு ஓட்டம் இல்லை என்று அறிவதற்குப் பதிலாக முதல் நாள் இரவே ஒரு வட்சப் செய்தி வந்தால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

ஓடும் வீதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியூர்ப் பயிற்சித் திட்டங்கள் எதுவும் வன்னியின் வீதியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. கரடிப்போக்குச் சந்தியிலிருந்து ஏ9 நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே இரணைமடுச் சந்திவரை சென்று, அங்கிருந்து குளத்தை நோக்கித் திரும்புவது வழக்கமான பாதை; தூரம் கூடும்போது முறிகண்டிவரை போகிறார்கள். விடியுமுன் ஏ9 இல் கட்டாக்காலி மாடுகள் தார்ச்சூட்டில் படுத்திருக்கும். யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் ஓடும் பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். ஆகவே ஒளி தெறிக்கும் மேலங்கி இல்லாமல் எவரையும் வீதியில் இறக்குவதில்லை. வாகனத்துக்கு எதிர்ப்புறமாக, ஒற்றை வரிசையில், முன்னும் பின்னும் ஒரு சைக்கிளோடுதான் ஓட விடுகிறார்கள். காட்டுப்பக்கத்தில் யானை நடமாட்டம் கேள்விப்பட்டால் அன்றைக்கு அந்தப் பாதையே கிடையாது. இவற்றைவிடக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: எந்தக் காரணத்துக்காகவும் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கக்கூடாது. கண்ணிவெடி அகற்றிய நிலம் என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்திலும் இந்த விதி தளர்வதில்லை. அதனால் மலசலகூடத்துக்கு வழியென்ன என்ற கேள்வி எழும். பாதையோரத்தில் இசைந்த சில வீடுகளிலும் கோயிலடிகளிலும் முன்கூட்டியே பேசி வைத்து, எந்தக் கிலோமீற்றர்க் கட்டையில் எந்த வீடு என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியதும் கேட்கக் கூச்சப்படுவதும் இதுவே என்பதால் எழுதுகிறேன்.

தண்ணீர் விடயத்திலும் குறை சொல்ல இடமில்லை. பின்சைக்கிளில் ஒரு கான் நல்ல தண்ணீர், ஒரு லீற்றருக்கு ஒரு பைக்கற் வீதம் கரைத்த ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புச் சீனிக் கரைசல்), தேசிக்காயும் உப்பும் போட்ட போத்தல் ஒன்று, கதலி வாழைப்பழச் சீப்பு ஆகியவை வரும். தாகத்துக்குக் குடி என்பதே அறிவுரை. பயத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து மயக்கமும் அதற்கு மேலும் வரக்கூடும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறார்கள். ஓட்டத்துக்கு முன் நோ மாத்திரை போடுவதற்குத் தடை உண்டு. உடல் வற்றிய நேரத்தில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும், சிறுநீரக நோயைப் பற்றி வன்னியில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஓடி முடிந்ததும் குரக்கன் கஞ்சி கிடைக்கும். (முறிகண்டியில் திரும்பும் நாட்களில் கச்சான் வாங்கித் தின்றுகொண்டே ஓடுவதற்கு மட்டும் இன்னும் விதி எழுதப்படவில்லை.)

சப்பாத்து இந்தப் பயிற்சியின் மெலிந்த பக்கம். புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்புபவற்றில் பெரும்பாலானவை வளர்ந்த ஆண்களின் அளவு. முன்னால் துணி அடைத்துக்கொண்டு ஓடிய பிள்ளைகளின் நகங்கள் கறுத்தன. அனுப்பும் முன் காலின் அளவைக் கேட்டுப் பெறுவது பெரிய காரியமில்லை.

பெண் பிள்ளைகள் ஆவணியில் நிறையச் சேருகிறார்கள், மார்கழிக்குள் குறைந்து விடுகிறார்கள். இருட்டு, ஞாயிறு வகுப்பு, ஊர்ப்பேச்சு என்று காரணங்கள் பல. பெண் தொண்டர்கள் அவர்களோடு கூட ஓடுவதும், எந்தப் பிள்ளையும் தனியே வீடு திரும்பக்கூடாது என்ற ஒழுங்கும், நீளக் காற்சட்டையோடு ஓட விரும்புபவர்களை அப்படியே ஓட விடுவதும் நல்ல ஏற்பாடுகள். மாதவிடாயினால் இரும்புச்சத்து இழக்கும் வயது என்பதால் தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்து வரச் சொல்கிறார்கள். என் மகளுக்கு இரத்தச்சோகை இருப்பதை அதனால்தான் அறிந்தோம். பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்கும் வீடுகளுக்குப் போகும்போது, எழுபது வயதைக் கடந்த பின் 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று வந்த முள்ளியவளை அகிலத்திருநாயகி அவர்களின் பெயரைத் தொண்டர்கள் எடுக்கிறார்கள். அந்தப் பெயருக்கு வன்னியில் மறுபேச்சு வருவது அரிது.

நான் உடன்படாதது இறுதி இலக்கோடுதான். இலண்டன், பொஸ்ரன், நியூயோர்க் ஆகிய பெருமரதன்கள் பதினெட்டு வயது நிறையாதவர்களை முழுத் தூரம் ஓட அனுமதிப்பதில்லை. இதற்கு எதிர்வாதமாகக் குழுவினர் லொஸ் ஏஞ்சலிஸைக் காட்டுகிறார்கள்: 1980களின் பிற்பகுதியில் அந்த நகரின் ஆசிரியர் ஒருவர் தம் மாணவரைச் சேர்த்துக்கொண்டு மரதன் ஓடத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த திட்டத்தில், பதின்ம வயதினர் பல மாதம் பயிற்சி பெற்று, தம்மோடு ஓடும் ஆசிரியர்களின் துணையோடு முழுத் தூரத்தையும் முடிக்கிறார்கள். நியாயமான வாதம். ஆனால் மாசி மாதத்தில் எங்கள் வெயில் வேறு கணக்குப் போடுகிறது. கிலோமீற்றருக்கு 8 நிமிடம் என்ற நிதானத்தில் ஓடினால் முழு மரதனுக்கு 5 மணித்தியாலம் 38 நிமிடங்கள் வேண்டும், அதிகாலை 4.30 க்குப் புறப்படுகிற பிள்ளை முடிக்கும்போது காலை 10 மணி தாண்டிவிடும். நடந்தும் ஓடியும் 10 நிமிட வேகத்தில் வருகிற பிள்ளைக்கு 7 மணித்தியாலம், அதாவது 11.30. ஆக, உடம்பு ஆகக் குறைவாகத் தயாரான பிள்ளையே ஆகக் கடும் வெயிலில் ஆகக் கூடிய நேரம் நிற்கிறது. அந்த மாதம் காலபோக அறுவடைக் காலமும் ஆகையால், வெயில் ஏறியதும் வீதியோரமெங்கும் நெல் காயப் போட்டுவிடுவார்கள். களைத்த பிள்ளைகள் நெல்லைச் சுற்றி வாகனப் பாதைக்குள் இறங்க வேண்டி வருகிறது. அதே 8 நிமிட வேகத்தில் அரை மரதனான 21.1 கிலோமீற்றரை ஓடினால் 7.20 க்குள் எல்லாம் முடிந்து, பிள்ளை கஞ்சிக் கோப்பையோடு நிழலில் இருக்கும். மெதுவாக ஓடு என்று ஆறு மாதம் கற்பித்துவிட்டு, மெதுவாக ஓடுபவரைத் தண்டிக்கும் தூரத்தை முடிவில் வைப்பது பயிற்சியின் தன்மையோடு பொருந்தவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், ஐந்துக்கு நான்கு கொடுக்க எனக்குத் தயக்கமில்லை. சேர்க்க விரும்புபவர்கள் ஆடி மாதக் கடைசியில் மாலை வேளையில் மைதானத்துக்குப் போனால் தொண்டர்களைச் சந்திக்கலாம். வைத்தியரின் கடிதம் ஒன்றும் பெற்றோரின் கையொப்பமும் வேண்டும். இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகள் மூச்சோடு மருந்தை உள்ளிழுக்கும் தங்கள் பம்பைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். ஞாயிறு வகுப்பு காலை 7 மணிக்கே தொடங்கும் பிள்ளைகளுக்கு இது சரிவராது. பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு அரை மரதனே போதும் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் குழுவினர் முகங்கோணாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். என் மகளுக்கு நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன், வருகிற ஆவணியிலும் அதே கடிதத்தோடுதான் அனுப்பப் போகிறேன்.